தலைக்கட்டிக்கு நிதி சேர்ப்பதென்றால்: 50 லட்சத்துக்கு முன்னால் பஸ் காசு

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெரியம்மா மகனுக்கு 38 வயது. தேயிலை ஃபெக்டரியில் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் இரவு வேலையில் நின்றபடியே வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். கண்டியில் ஸ்கேன் எடுத்து, தலையில் கட்டி என்று சத்திரசிகிச்சை செய்து, எடுத்த துண்டைச் சோதித்ததில் 'கிளையோபிளாஸ்டோமா, நாலாம் தரம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இளைஞர்கள் சேர்ந்து மூளைப் புற்றுநோயாளர்களுக்காக ஒரு நிதி தொடங்கப் போகிறார்களாம். 50 லட்சம் சேர்த்து அண்ணனை இந்தியாவுக்குக் கொண்டுபோய், மிச்சத்தை மலையகத்தில் இதே நோய் வந்த மற்றவர்களுக்குக் கொடுப்பது அவர்களுடைய திட்டம். "எப்படித் தொடங்குவது, எவ்வளவு இலக்கு வைப்பது?" என்பது கேள்வி.

நான் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்து தாதியானவள். 31 வருடம் அரச வைத்தியசாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். அதில் பாதிக் காலம் புற்றுநோய் வார்டுகளில். அதற்குப் பிறகு நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு எங்களால் முடிந்ததைச் செய்து வருகிறோம். எங்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒரு வங்கிப் புத்தகமும் இரண்டு சி.ஆர். கொப்பியும்தான். அந்தக் கொப்பிகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் 50 லட்சத்தைக் கீழே வையுங்கள் தம்பி. கோபப்பட வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

இந்த நோய்க்கு உலகம் முழுவதும் செய்கிற சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான். ஆபத்தில்லாமல் எடுக்கக்கூடிய அளவுக்குக் கட்டியை எடுப்பது. பிறகு வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 30 தடவை கதிர்வீச்சு. அந்த ஆறு வாரமும் தினமும் டெமோசோலமைட் என்ற மாத்திரை. நாலு வாரம் ஓய்வு. பிறகு 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள் அதே மாத்திரை, ஆறு சுற்று. 2005 இல் வந்த பெரிய ஆய்வொன்றுக்குப் பிறகு இதுதான் நடைமுறை. வேலூரில் செய்வதும் இதைத்தான், சென்னையில் செய்வதும் இதைத்தான், மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் செய்வதும் இதைத்தான். அங்கே காசு, இங்கே இலவசம். இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் ஆள் போகத் தேவையில்லை; ஸ்கேன் சீடியையும் நோய் நிர்ணய அட்டையின் பிரதியையும் அனுப்பினால் போதும். ஏதாவது ஒரு விசேஷ சத்திரசிகிச்சைக்காக அண்ணனுடைய வைத்தியரே "அங்கே போங்கள்" என்று சொன்னால் அது வேறு கதை. ஊர்ச்சனம் சொல்வதற்காகக் கடவுச்சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து, கதிர்வீச்சு தொடங்க வேண்டிய வாரங்களை விசாவுக்குக் காத்திருந்து வீணாக்கிய குடும்பங்கள் என் கொப்பியில் மூன்று இருக்கின்றன.

அந்த 2005 ஆய்வைச் சொன்னதால் அதன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எப்படியும் தேடிப் பார்ப்பீர்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதத்தைத் தாண்டினார்கள். மாத்திரையும் சேர்ந்தபோது அது 14.6 மாதமானது. இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேராக இருந்தது இருபத்தாறானது. இது எல்லோரையும் கூட்டிப் போட்ட கணக்கு, உங்கள் அண்ணனின் ஜாதகம் இல்லை. வயது குறைவு, கட்டியின் பெரும்பகுதி எடுக்கப்பட்டிருக்கிறது என்றால் நல்ல பக்கத்தில் நிற்க இடமுண்டு. ஆனால் நிதி தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் உங்கள் திட்டத்தில் 'காப்பாற்றுவது' மட்டும்தான் இருக்கிறது. 'கூட இருப்பது' இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுங்கள். 'நாலாம் தரம்' என்றதும் லயத்தில் "நாலாம் கட்டமாம், உடம்பெல்லாம் பரவிருச்சாம்" என்று பேசியிருப்பார்கள். மார்பிலோ குடலிலோ வரும் புற்றுநோய்க்குத்தான் கட்டம் சொல்வது. மூளையில் தொடங்கும் கட்டிக்குத் தரம்தான். அந்தக் கட்டியின் கலங்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைச் சொல்லும் எண் அது. கிளையோபிளாஸ்டோமா மூளையை விட்டு வெளியே போவது மிக அபூர்வம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தொற்றவும் செய்யாது. இதைக் கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தோட்டத்தில் பைப்படியில் தனிக் குடம் வைக்கச் சொன்னார்கள்.

நிதியின் பெயரை 'மூளைப் புற்றுநோய்' என்று வைக்காமல் 'தலைக்கட்டி' என்று வையுங்கள் என்பது என் யோசனை. மூளைக்குள் வரும் கட்டிகள் எல்லாமே புற்றுநோய் இல்லை. மெனிஞ்சியோமா என்று மூளையின் உறையில் வரும் கட்டி பெரும்பாலும் புற்றுநோயே அல்ல; எடுத்துவிட்டால் பலர் கொழுந்து எடுக்கவே திரும்பிப் போகிறார்கள். நுரையீரலிலிருந்தோ மார்பிலிருந்தோ மூளைக்கு வந்து தங்கும் கட்டிகளும் நிறைய. சிறுபிள்ளைகளுக்குச் சிறுமூளையில் வருவது வேறு வகை. அதற்குச் சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு அதிகம். இது எந்த வகை என்று தெரியவே சத்திரசிகிச்சை முடிந்து, துண்டு பரிசோதனைக்குப் போய், வாரக்கணக்காகும். ஆனால் முதல் ஸ்கேனுக்குக் கண்டிக்கு பஸ் ஏறிய நாளிலேயே செலவு தொடங்கிவிடுகிறது. 'புற்றுநோய் என்று எழுதிக் கொண்டு வா, அப்புறம் காசு' என்று உங்கள் நிதி சொல்லக்கூடாது.

சரி, செலவு எங்கே இருக்கிறது? ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். 41 வயது, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம், வலது கைக்காரி. மலையில் தேயிலைக் கொழுந்து நல்ல எடுப்பு. தினம் 20 கிலோவுக்குக் குறையாது. ஒரு ஜனவரியில் 16 ஆனது, பிறகு 13, மார்ச்சில் 9. கங்காணி சோம்பேறி என்று ஏசி அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார். அந்த அக்கா வீட்டில் வந்து சொன்னது: "கை வலிக்கல. கொழுந்து கண்ணுக்குத் தெரியுது. ஆனா விரலு எப்படிக் கிள்ளறதுன்னு மறந்து போகுது." மூளையின் இடது பக்கத்தில் கட்டி. வைத்தியருக்கு முன்னால் நோயைக் கண்டுபிடித்தது கொழுந்து நிறுக்கும் தராசுதான். தினம் கொழுந்து நிறுத்து எழுதிக் கொடுத்த துண்டுகளை எல்லாம் அவர் புருஷன் வைத்திருந்தார். நான் வாங்கி வரிசையாக அடுக்கி வைத்தியரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதிர்வீச்சுக்கு முன்னால் முகமூடி செய்வார்கள். வெந்நீரில் போட்டால் வெற்றிலை மாதிரித் துவளும் ஒரு பிளாஸ்டிக் வலை. அதை முகத்தில் போட்டு அழுத்தி, ஆறியதும் மூக்கு, தாடை, நெற்றி அப்படியே பதிந்து இறுகிவிடும். தினமும் அதை முகத்தில் வைத்து மேசையோடு பூட்டிவிட்டு எல்லோரும் அறையை விட்டு வெளியே போவார்கள். தலை ஒரு மில்லிமீற்றர் அசையாமல் இருக்கத்தான். வலியில்லை, சில நிமிடம்தான். ஆனால் சிங்களம் தெரியாத ஒரு பெண்ணுக்கு, என்ன செய்யப் போகிறார்கள் என்று யாரும் சொல்லாமல் முகத்தைப் பூட்டினால் எப்படி இருக்கும்? முதல் நாள் அந்த அக்கா கத்தி எழும்பிவிட்டார். இரண்டாம் நாள் நான் போய், "அக்கா, கண்ணை மூடிக்கிட்டு 200 வரை எண்ணுங்க, முடிஞ்சிரும்" என்றேன். அந்த வாரம் முழுக்க எண்ணினார். ஒரு நாள் 140 இலேயே முடிந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இந்தச் சிகிச்சையில் அவர் வைத்தியசாலைக்குக் கட்டிய காசு ஒரு சதமும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு வாரத்தில் 30 வேலைநாள் போயிற்று. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தை வைத்தே போட்டாலும் ஒருவருக்கு 40,500. கூடப் போன புருஷனுக்கும் அதே. இரண்டும் சேர்ந்து 81,000 ரூபா வீட்டுக்கு வரவில்லை. அதோடு பஸ், ஓட்டோ, தங்குமிடம், கடைச் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளைப் பார்க்கும் பாட்டிக்கு ஏதாவது, வார்டில் இல்லாத மருந்தை வெளியே வாங்குவது. 2022 இல் நாட்டில் மருந்து இல்லாமல் போன காலத்தில் வலிப்பு மாத்திரைக்கே ஹட்டன், நாவலப்பிட்டி, கண்டி என்று கடை கடையாக ஏறினோம்.

சத்திரசிகிச்சை முடிந்தும் கதிர்வீச்சை இடையில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட "சிகிச்சை வேண்டாம்" என்று விடவில்லை. 17 ஆம் நாள் கையில் காசு முடிந்தது, அவ்வளவுதான். 30 தடவை என்று திட்டமிட்டதை 17 இல் விட்டால், பாதிக்கு மேல் முடித்துவிட்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே உங்கள் இலக்கு 50 லட்சம் அல்ல. ஒரு நோயாளியும் கூட ஒருவரும் ஆறு வாரம் தங்கி, சாப்பிட்டு, போய்வர எவ்வளவு ஆகும் என்று உங்கள் ஊர்க் கணக்கில் எழுதுங்கள். அதுதான் ஓர் அலகு. முதல் வருடம் மூன்று அலகு சேர்த்தால் பெரிய காரியம்.

தங்குவதற்கு முதலில் வார்டில் கேளுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களை அனுமதித்து வைத்திருக்கப் பார்ப்பார்கள். கோவில் மடம், தெரிந்தவர் வீடு, கொழும்பில் கடையில் வேலை செய்யும் நம்ம பையன்களின் அறை எல்லாவற்றையும் இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். ஆள் போய் இறங்கிய பிறகு தேடக்கூடாது.

இப்போது இந்த நோயின் தனிக்குணத்துக்கு வருகிறேன். மற்றப் புற்றுநோய்களுக்குக் காசு சேர்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். மார்பில் கட்டி வந்த அக்காவுக்குத் தன் புத்தி தன்னிடம் இருக்கும். தன் காசை எண்ணுவாள், கையெழுத்துப் போடுவாள், யாரை நம்பலாம் என்று தெரியும். தலைக்கட்டி சிலருக்கு அதைத்தான் முதலில் எடுக்கிறது. முன்மூளையில் கட்டி வந்த ஒரு மனுஷர், பதினைந்து வருடம் பெண்டாட்டியை 'நீ' என்றுகூடக் கூப்பிடாதவர், திடீரென்று கெட்ட வார்த்தை பேசி அடிக்கவும் தொடங்கினார். சாராயம் என்றார்கள். பிறகு காத்துக் கறுப்பு என்று முனியாண்டிக்குக் கடா வெட்டினார்கள். நாலு மாதம் போயிற்று.

காலையில் எழும்பும்போது தலைவலியும் வாந்தியும், நாற்பது வயதில் முதல்தடவை வலிப்பு, ஒரு பக்கக் கையோ காலோ சோர்வது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, ஆளின் குணமே மாறுவது. இதெல்லாம் ஓரிரு வாரம் தொடர்ந்தால், தோட்ட டிஸ்பென்சரியில் பனடோலோடு நிறுத்தாமல் டிக்கோயா, நுவரெலியா, நாவலப்பிட்டி, எது பக்கமோ அங்கே போக வேண்டும். தலைவலி வந்த எல்லோருக்கும் கட்டி என்று பயமுறுத்தவும் வேண்டாம். நூற்றில் தொண்ணூற்றொன்பது தலைவலி வேறு காரணம்தான்.

ஆகவே உங்கள் நிதி செய்ய வேண்டிய முதல் வேலைக்குக் காசே வேண்டாம். கையெழுத்து. அண்ணன் ஃபெக்டரியில் வேலை என்றால் அவருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கும். அதில் பின்னுரித்தாளியாக (அவருக்குப் பிறகு காசு சேர வேண்டியவராக) யாருடைய பெயர் இருக்கிறது என்று தோட்ட ஆபீசில் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவின் பெயர் எழுதி, அம்மாவும் செத்துப்போய், அப்படியே கிடக்கும் ஆட்கள் எத்தனையோ பேர். பத்து வருட சேவையும் கணக்கில் மூன்று லட்சம் ரூபாவுக்கு மேலும் இருந்தால், சிகிச்சைக்காக 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். இனி வேலை செய்யவே முடியாது என்று வைத்தியச் சான்றிதழ் கிடைத்தால் வயது 55 ஆகும்வரை காத்திருக்காமல் முழுவதையும் கேட்கலாம். இதெல்லாம் அவருடைய காசு. ஊரிடம் கை நீட்டுவதற்கு முன்னால் இருப்பதை எடுக்க வேண்டாமா? ஆனால் இதற்கு அவர் கையெழுத்து வேண்டும், அடையாள அட்டையில் பெயர் சரியாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்பது நம்ம சனத்தின் தலையெழுத்து. அதைத் திருத்தவே மாதங்கள் ஆகும். வங்கிப் புத்தகத்தையும் மனைவியோடு கூட்டுக் கணக்காக்குங்கள்.

அந்தத் தலவாக்கலை அக்காவின் விஷயத்தில் நாங்கள் இதைச் செய்யவில்லை. எனக்குத் தெரியவில்லை அப்போது. நாங்கள் ஓடி ஓடிச் சோற்றுப் பார்சலுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பெயரில் 20 வருடச் சேமலாப நிதி இருந்தது. அதைக் கேட்க நினைத்த நேரத்தில் வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லை. பெருவிரல் அடையாளத்தோடு போனால் "சுயபுத்தியோடுதான் வைத்தாரா" என்று ஓர் அலுவலகத்தில் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று தடவை. கடைசியில் அவர் போன பிறகு பிள்ளைகள் வாரிசு நிரூபித்துத்தான் வாங்கினார்கள்.

ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பியுங்கள். 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது அது. நோயாளர் உதவி அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். அங்கே போகிற அன்றே சமூக சேவை உத்தியோகத்தரையும் பார்த்துவிட்டு வாருங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதமும் நோய் நிர்ணய அட்டையின் பிரதிகளும் ஒரு ஃபைலில் ஐந்தாறு செட் இருக்கட்டும். உங்கள் இளைஞர்களில் ஒருவருக்கு இதுவே முழுவேலை.

இன்னொருவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கிளினிக் நாளில் கூடப் போய், வைத்தியர் சொல்வதைக் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுப்பவர். காசு கொடுக்கிறவர் பத்துப் பேர் கிடைத்தாலும் இப்படி ஒருவர் கிடைப்பது அரிது. டெமோசோலமைட்டை வெறும் வயிற்றில், வாந்தி மாத்திரைக்குப் பிறகு, உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். இடையிடையே இரத்தம் சோதிக்க வேண்டும். டெக்ஸா என்று சொல்லும் டெக்ஸாமெதசோன் மூளை வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. ஒரு வீட்டில் "முகம் ஊதுது, இந்த மாத்திரை ஒத்துக்கல" என்று அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள்; மூன்றாம் நாள் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டெக்ஸா குடிக்கிறவருக்கு அகோரப் பசி எடுக்கும், தூக்கம் வராது, சீனி ஏறும். இரவு இரண்டு மணிக்கு எழும்பி இருக்கும் ரொட்டியெல்லாம் தின்றுவிடுவார். "சாகப் போறவன் பசி" என்று கிழவிகள் சொல்வார்கள். அது மாத்திரைப் பசி என்று யாராவது வீட்டுக்காரிக்குச் சொல்ல வேண்டும். அவளுடைய பிள்ளைகளின் பங்கும் அதில் போகிறதே, அதற்குத்தான் உங்கள் உலர் உணவுப் பொதி போக வேண்டும்.

வலிப்புக்கு இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதையும் வெங்காயத்தை மூக்கில் பிடிப்பதையும் விடச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்பியூலன்ஸ் இலவசம். மேற்பிரிவு லயத்துக்கு அது ஏறாது என்றால் ரோட்டு வரை இறக்க ஓட்டோ வேண்டும். நாங்கள் தோட்டத்துக்கு ஒரு ஓட்டோத் தம்பியோடு பேசி வைத்திருக்கிறோம்: நடுச்சாமத்திலும் வருவார், குடும்பத்திடம் காசு கேட்கமாட்டார், மாதக் கடைசியில் நாங்கள் கொடுப்போம். எங்கள் கொப்பியில் மிகக் குறைந்த காசுக்கு மிகப் பெரிய பலன் தந்த வரி அதுதான்.

மிக மோசமான வரி சக்கர நாற்காலி. கொடுக்கிறவர்களுக்கு ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்கும். லயத்துப் படியில், ஒரு காம்பராவும் (அறையும்) ஓர் இஸ்தோப்பும் (முன்திண்ணையும்) உள்ள வீட்டில் அதை எங்கே உருட்டுவது? ஒன்றில் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். நடு ஓட்டை வைத்த மலசல நாற்காலி, தடித்த மெத்தை, ரப்பர் விரிப்பு, பெரியவர்களுக்கான பம்பஸ், இரண்டு பக்கமும் கைப்பிடி தைத்த கெட்டியான படங்குச் சீலை: இவைதான் வேண்டும். கக்கூஸ் வெளியே, மழை, இருட்டு. அதை யோசித்துச் சாமான் வாங்குங்கள். ஒரு வீட்டில் வேலை முடிந்தால் கழுவி அடுத்த வீட்டுக்குப் போகட்டும்.

காசு எப்படிச் சேர்ப்பது என்று கேட்டீர்கள். நடந்து சேர்த்த கதை இந்த நாட்டிலேயே இருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாளில் 670 கிலோமீற்றர் நடந்து சேர்த்த பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016 இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்தார்கள், காலி கராப்பிட்டிக்காக. நம்ம சனத்துக்கும் நடை புதிதில்லை. 2023 இல் நம்ம முன்னோர் மலையகத்துக்கு வந்த 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே. ஆனால் அப்படிப்பட்ட நடைக்குப் பின்னால் பெரிய நிறுவனங்களும் விளம்பரமும் இருந்தன. உங்களுக்கு முதலில் சம்பள நாள்தான்.

சம்பளம் பத்தாம் திகதியென்றால் அன்றைக்குப் பெரட்டுக் களத்தில் (வேலைக்கு ஆள் கூடிப் பேர் போடும் இடத்தில்) ஆளுக்கு 50 ரூபா. 300 பேர் கொடுத்தால் 15,000. ஒவ்வொரு மாதமும். செக் ரோலில் (சம்பளப் பட்டியலில்) வெட்டச் சொல்லலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒவ்வொருவரும் சம்மதக் கையெழுத்துக் கொடுத்தால் ஒழிய வேண்டாம். ஏற்கெனவே சந்தா, கோவில், முற்பணம் என்று வெட்டிக் கந்தலாகித்தான் சம்பளம் கைக்கு வருகிறது. விருப்பப்பட்டுப் போட்ட 50 ரூபாவுக்குத்தான் "என்னாச்சு அந்தத் தம்பிக்கு?" என்று அடுத்த மாதம் கேட்பார்கள். தீபாவளி, கோவில் திருவிழா, ஹட்டன் கடைக்காரர்கள், கட்டாரிலும் குவைத்திலும் இருக்கும் அக்காமார், இந்தியாவில் கோத்தகிரிப் பக்கம் போய்விட்ட சொந்தம் என்று பிறகு விரியும். ஜூன் 8 உலக மூளைக்கட்டி தினம். உலகத்தில் சாம்பல் நிற ரிப்பன் குத்துவார்கள். நம்ம மலையில் ஜூன் மாதம் எல்லாமே சாம்பல் நிறம்தான். அந்த நாளில் பள்ளிக்கூடத்தில் வலிப்பு முதலுதவி சொல்லிக் கொடுங்கள், ரிப்பனை விட அது நிற்கும்.

பஸ்ஸில் உண்டியல் குலுக்காதீர்கள். மொட்டைத் தலையும் தையலுமாக அண்ணனின் படத்தைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். நாங்கள் ஒரு தடவை ஒரு நோயாளிப் பையனின் படத்தைப் போட்டோம். நாங்கள் போட்ட படத்தையே எடுத்து, வேறு கணக்கு இலக்கம் போட்டு, யாரோ ஒருவர் இரண்டு வாரம் வசூலித்திருக்கிறார். அந்தப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை; பிறகு நான் போனபோது துண்டால் தலையை மூடிக்கொண்டான். படம் வேண்டுமென்றால் நோய்க்கு முன்னால் எடுத்த கல்யாணப் படம் இருக்கும், அதையும் அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் இருக்கக்கூடாது. யாப்பு (சங்க விதிகள்) எழுதி, கூட்டக் குறிப்பெழுதி, பிரதேச செயலகத்தில் சங்கமாகப் பதிந்து, அந்தக் கடிதத்தோடு வங்கிக்குப் போங்கள். மூன்று கையெழுத்தில் இரண்டு இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், யாரும் எந்தக் கட்சியின் தலைவராகவும் இருக்கவேண்டாம். வெளிநாட்டுப் பணம் பெருகத் தொடங்கினால் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொண்டு நிறுவனமாகப் பதிவது பற்றி அப்போது பாருங்கள். மாதா மாதம் வரவு செலவைக் கோவில் சுவரில் ஒட்டுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், முக்கியமாக நோயாளியின் மச்சானிடம். ஏன் மச்சான் என்று குறிப்பாகச் சொல்கிறேன் என்றால் எங்கள் 25,000 ரூபா அந்த வழியில்தான் போனது. பஸ் காசை மட்டும் கையில், அறை வாடகையை அறைக்காரருக்கு, மருந்துக் காசை பாமசிக்கு.

இன்னொன்று, சொல்லச் சங்கடம்தான். சிகிச்சை முடிந்து ஸ்கேனில் கட்டி மறுபடி தெரிந்தால், அன்றைக்கு நிதி நிற்கக்கூடாது. பல நிதிகள் அன்றைக்குத்தான் மறைகின்றன. சேர்த்தவர்களுக்குச் சொல்ல நல்ல செய்தி இல்லாமல் போய்விடுகிறது. வலிக்கு மோர்ஃபின் அரச கிளினிக்கிலேயே கிடைக்கும், அதை வாங்கி வரவும் ஆள் வேண்டும். இரவில் ஒருநாள் விட்டு ஒருநாள் வேறொரு பெண் வந்து இருந்தால் மனைவி தூங்குவாள். தூங்காதவளால் மருந்துக் கணக்கு வைக்க முடியாது. சேர்க்கும் காசில் மூன்றில் ஒன்றை இதற்கென்று முதல் நாளே எழுதி ஒதுக்குங்கள்.

அந்தத் தலவாக்கலை அக்கா கதிர்வீச்சு முடிந்த அன்று முகமூடியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டார். கொடுத்தார்கள். இஸ்தோப்பில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அவர் பதினேழு மாதம் இருந்தார். போன வருடம் அந்தப் பக்கம் போனேன். சின்ன மகள் இப்போது அம்மாவின் உயரம். முகமூடியைத் தன் முகத்தில் வைத்துக் காட்டி, "டீச்சரம்மா, மூக்கு சரியா பொருந்துது பாருங்க" என்றாள். என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள், எண்ணச் சொல்லிக் கொடுத்தேனாம்.

உங்கள் அண்ணனுக்குக் கதிர்வீச்சுத் திகதி கிடைத்துவிட்டதா என்று எழுதுங்கள். அதைவிட முன்னால், இந்த வாரமே, ஒரு காகிதத்தில் அவரை மூன்று தடவை கையெழுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள். மூன்றும் ஒன்றுபோல் இருந்தால் சம்பள நாள் வரை காத்திருக்காமல் தோட்ட ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.